பள்ளத்தில் படுத்திருக்கும் பயம்

நத்தைகள் இன்றைக்கும் கூரையில்தான் இருந்தன.

கண்ணாடிக் குடிலின் உச்சியில், இரும்புச் சட்டங்கள் ஒன்று சேரும் இடத்தில், கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. நத்தை வெயிலுக்கு ஆகாத ஜீவன். வெளிச்சம் வருவதற்குள் தொட்டிக்கு அடியிலோ ஈரச் சருகுக்குள்ளோ போய்ப் பதுங்கிவிடும். இந்தக் குடிலில் அது பதுங்குவதற்கென்றே வெட்டியது போல, தரை நடுவில் குளிர்ச்சியான, இருட்டான, ஈரமான ஒரு பள்ளம் வேறு இருந்தது. அத்தனை வசதியையும் விட்டுவிட்டு, இன்னும் சற்று நேரத்தில் கொதிக்கப்போகும் கண்ணாடியைத் தேடி ஏறியிருந்தன.

"தினமும் பொறுக்கிக் கீழே விடுறேன். தினமும் மேலே ஏறிடுதுங்க," என்றாள் காப்பாளர். அரிய செடிகளைக் காத்து வளர்க்கும் அந்தத் தோட்டத்தில் இந்தக் குடில் அவள் பொறுப்பு. "உப்புக் கோடு போட்டுப் பார்த்தேன். செம்புத் தகடு கட்டிப் பார்த்தேன். ஒண்ணுக்கும் அடங்கல."

"மாடிவீடு ஆசை வந்திருக்கும்க்கா," என்றான் ரேடியோ. "சொந்த வீட்டை முதுகுல தூக்கிட்டே அலைஞ்சா யாருக்குத்தான் சலிக்காது?"

அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தது அவனுடைய அண்ணி. பயம் வந்துவிட்டால் அவன் வாய் நிற்காது. அதை அணைக்கும் பித்தான் எங்கே இருக்கிறது என்று பெற்றவர்களுக்கே தெரியாது. பூட்டுக் கடைக்கு மேல்மாடியில் அண்ணி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் உதவியாளன், ஓட்டுநர், சமயத்தில் தொட்டுப் பார்க்கும் குச்சி. அவனுடைய அண்ணன் அந்த அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதோடு சரி.

நேற்று அலுவலகத்துக்கு வந்த காப்பாளர், "எங்க குடில்ல நத்தையெல்லாம் கூரைக்கு ஏறுது, ஏன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்" என்று கேட்டபோது ரேடியோ சிரித்துவிட்டான். அண்ணி சிரிக்கவில்லை. வந்தவளின் கையில் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அலையடித்துக்கொண்டிருந்தது.

இப்போது அண்ணி கூரையிலிருந்து பார்வையை இறக்கினாள். "நத்தைக்காக யாரும் இப்படி நடுங்க மாட்டாங்கம்மா. உங்க பயத்தைச் சொல்லுங்க."

காப்பாளர் பள்ளத்தைப் பார்த்தாள். பிறகு, அது காதுகொடுத்துக் கேட்டுவிடுமோ என்பது போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதுக்குள்ள யாரோ இருக்காங்க."

ரேடியோ தன்னையறியாமல் அண்ணிக்குப் பின்னால் நகர்ந்தான்.

பள்ளம் இடுப்பளவு ஆழம். நாலு பக்கமும் செங்கல் கட்டி, இறங்குவதற்குப் படி வைத்திருந்தது. அடியில் கறுப்பு மண். மண்ணில் ஒரே ஒரு செடி, கைக்குட்டை அகலத்துக்கு நாலைந்து இலைகள் மட்டும். அதன் பெயர் மண்மொட்டு. மற்றச் செடிகள் பூவைத் தண்டின் உச்சியில் ஏந்திக் காட்டும். மண்மொட்டு அப்படிச் செய்யாது. அதன் பூ மண்ணோடு மண்ணாக, தரை மட்டத்தில், ரத்தச் சிவப்பில் ஒரு சின்னக் கிண்ணம் போலத் திறக்கும். ஊர்ந்து போகும் ஒரு சிறு வண்டுதான் காட்டில் அதற்கு மகரந்தம் சுமந்தது. அது வளர்ந்த மலைச்சரிவு அழிந்தது, வண்டும் போனது. மிச்சமிருந்த இந்த ஒரு செடியை, சரிவின் மடிப்பில் காற்றசையாமல் இருந்த அதே மாதிரி இடத்தை இங்கே வெட்டி, கொண்டுவந்து வைத்தவர் காப்பாளரின் கணவர்.

வண்டு செய்த வேலையை இனி மனிதர்தான் செய்ய வேண்டும். அதற்கு ஒரே வழி, பள்ளத்தில் இறங்கிக் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, மெல்லிய தூரிகையால் பூவின் அடிவயிற்றில் மகரந்தத்தைத் தடவுவது. பூ விடியலில் திறக்கும். வெயில் உச்சிக்கு வருமுன் மூடிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, சில காலைகள் மட்டும்.

"போன பூக்காலத்துல அவர் இதுக்குள்ள படுத்தவர் எழுந்திரிக்கல," என்றாள். "கையில தூரிகை அப்படியே இருந்துச்சு. மாரடைப்புன்னாங்க. அதுவரைக்கும் அவருக்கு ஒரு தலைவலி கூட வந்ததில்ல. அப்புறம் அந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். இந்தப் பூக்காலம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, படுத்தாப் போதும், நெஞ்சுமேல யாரோ ஏறி உக்கார்ற மாதிரி... பயம்னா சாதாரணப் பயம் இல்லீங்க. உடனே ஓடு, இல்லன்னா செத்தேன்னு உள்ளேர்ந்து ஒண்ணு கத்தும். ஓடி வந்துடுறேன். ஒரு பூவுக்குக் கூட மகரந்தம் வைக்கல. எல்லாம் வீணாப் போச்சு."

"மிச்சம்?"

"அதோ. கடைசி மொட்டு. இன்னிக்குத் திறந்திருக்கு." அவள் கண் கலங்கியது. "இதுவும் விதை பிடிக்கலைன்னா, அடுத்த வருஷம் வரைக்கும் இந்தக் கிழங்கு தாங்காது. உலகத்துல மண்மொட்டு இல்லாமப் போயிரும். அவர் உசுரும் வீணாப் போயிரும்."

"நத்தை எப்பலேர்ந்து ஏறுது?"

"அதுவும் பூக்காலம் ஆரம்பிச்சதுலேர்ந்துதான்."

அண்ணி 'ம்' என்றாள். அவள் 'ம்' என்றால் உள்ளே ஏதோ ஒரு பல்சக்கரம் இன்னொன்றில் மாட்டிக்கொண்டது என்று பொருள்.

அப்போது கதவு திறந்தது. வந்தவரை எல்லாரும் விதை டாக்டர் என்றார்கள். தோட்டத்தின் விதைவங்கி அவர் கையில் இருந்தது. காட்டில் கடைசியாகக் கிடைத்த மண்மொட்டு மகரந்தம் அங்கேதான் உறைகுளிரில் கிடந்தது. பூக்காலத்தில் மாலையே பெட்டியோடு குடிலுக்கு வந்து, பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். காலையில் வந்து கண்ணாடிக் குழாயை எடுத்துக் கொடுப்பார்.

"இன்னிக்காவது தைரியமா இரும்மா," என்றார் கனிவாக. மேசைமேல் இருந்த பெட்டியைத் திறந்து, குழாயை வெளியே எடுத்தார். எடுக்கும்போது அதன் ரப்பர் மூடி நழுவி, தரையில் துள்ளி, பள்ளத்துக்குள் விழுந்தது.

"அடடா. விடுங்க, போகட்டும். வேற மூடி இருக்கு," என்றார். "என்னால குனிய முடியாது, இடுப்புப் பிடிப்பு."

"இதுக்கு எதுக்கு சார் வேற மூடி, நான் இருக்கேனே," என்று ரேடியோ படியில் இறங்கிவிட்டான். நல்ல பெயர் வாங்கக் கிடைக்கும் சின்ன வாய்ப்பை அவன் விடுவதில்லை. மூடி செடிக்கு அந்தப் பக்கம் கிடந்தது. குனிந்தான். எட்டவில்லை. மண்டியிட்டு, இன்னும் குனிந்தான்.

முதலில் மூக்கில் ஒரு சுருக். சோடாவை அவசரமாகக் குடித்தால் மேலே ஏறுமே, அந்தச் சுருக். அடுத்த மூச்சு உள்ளே போனது; ஆனால் போய்ச் சேரவில்லை. இன்னொன்று இழுத்தான். அதுவும் சேரவில்லை. நெஞ்சுக்குள் யாரோ இரண்டு கையாலும் கதவைத் தட்டினார்கள். பின்னங்கழுத்தில் ஒரு மூச்சு பட்டதாக அவனுக்குத் தோன்றியது. திரும்பக் கூடாது, திரும்பினால் முகம் தெரியும். எந்த முகம்? தெரியாது. ஓடு. ஓடு. ஓடு.

எப்படி மேலே வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. தெளிந்தபோது தக்காளி நாற்றுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். மூடி கையில் இல்லை. ஒரு காலில் செருப்பும் இல்லை.

"பார்த்தீங்களா?" என்றார் விதை டாக்டர் மெதுவாக, காப்பாளரைப் பார்த்து. "வெளியாள், ஒண்ணும் தெரியாதவர், அவருக்கே இப்படி. நான் அறிவியல் படிச்சவன்தான். ஆனாலும் சொல்றேன், இந்த இடம் சரியில்லம்மா. செடியை எங்கிட்டக் குடுத்துடு. விதைவங்கில வச்சுப் பார்த்துக்கிறேன். நீயாவது உசுரோட இரு."

குழாயை மேசையில் வைத்துவிட்டு, பெட்டியைக் கையில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

"அண்ணி," என்றான் ரேடியோ. பற்கள் தாளம் போட்டன. "நாம பூட்டுத் திறக்கிற கேஸ் மட்டும் எடுப்போமே? காணாமப் போன பூனை, கள்ளச் சாவி, இந்த மாதிரி. ஆவி கேஸ்ல ஆதாரம் குடுக்க ஆவி கோர்ட்டுக்கு வராது. வந்தாலும் குறுக்கு விசாரணை யாரு பண்றது? என் செருப்பு உள்ளேயே இருக்கட்டும், அது காணிக்கை..."

"தம்பி." அவள் தம்பி என்றால் வேலை ஆரம்பித்துவிட்டது. "பயம் எந்த உயரத்துல ஆரம்பிச்சுது?"

"பயத்துக்கு உயரம் இருக்கா அண்ணி?"

"படியில நிக்கும்போது?"

அவன் யோசித்தான். யோசிப்பதே ஒரு மருந்தாக இருந்தது. "இல்ல. நின்னப்ப ஒண்ணும் இல்ல. குனிஞ்சப்பவும் முதல்ல இல்ல. மண்டி போட்டு, தலை முழங்காலுக்குக் கீழ போனப்பதான்."

"நீங்கம்மா?"

"நானும் இறங்கி நிக்கிறப்ப நல்லாத்தான் இருப்பேன். படுத்தாத்தான்."

"அப்ப உள்ள இருக்கிறது யாரா இருந்தாலும், முழங்கால் உயரம்தான். தொட்டி ரொம்பின தண்ணி மாதிரி, அதுக்கு ஒரு மட்டம் இருக்கு." அண்ணி கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒரு மெழுகுவத்தி வேணும். கம்பி வேணும். மரத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு இருக்கா?"

"பின்னாடி தொட்டியில கரைச்சு வச்சிருக்கு."

"கலக்காம, மேல தெளிஞ்சு நிக்குமே, அந்தத் தண்ணி மட்டும் ரெண்டு கிண்ணம்."

மெழுகுவர்த்தியை ஒரு தகர டப்பாவில் நிறுத்தி, கம்பியில் கட்டி, ரேடியோவின் கையில் கொடுத்தாள். அவன் கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, உடம்பை எவ்வளவு பின்னால் வைக்க முடியுமோ அவ்வளவு வைத்து, டப்பாவைப் பள்ளத்துக்குள் இறக்கினான். சுடர் நிமிர்ந்து எரிந்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினான். எரிந்தது. முழங்கால் மட்டத்துக்கு வந்தது. சுடர் ஒருமுறை திரியை விட்டு மேலே எம்பியது. எம்பி, பொசுக்கென்று போய்விட்டது. அங்கே காற்று வீசவில்லை. யாரும் ஊதவில்லை. இரண்டு விரல் வந்து கிள்ளியது போல இருந்தது.

காப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரு..."

"அவர் இல்லம்மா," என்றாள் அண்ணி உடனே. "அவர் உங்களைப் பயமுறுத்துவாரா? பாருங்க."

ஒரு கிண்ணத்தைக் கூரைச் சட்டத்தில், நத்தைகளுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். இன்னொன்றைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்தில் இறக்கி, லேசாக ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னாள். சிறிது நேரம் கழித்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கூரைக் கிண்ணத்தில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பள்ளத்துக் கிண்ணத்தில் பால் போல வெள்ளை.

"இது பள்ளிக்கூடத்துல பண்ணினதாச்சே!" என்றான் ரேடியோ. "குழாயை வச்சு ஊதுவோம். வெள்ளையா மாறும்."

"நீ ஊதினது என்ன?"

"கரியமில வாயு."

"அதேதான். பள்ளம் நிறைய அதுதான் நிக்குது. காத்தை விடக் கனம். அதனால கீழ தேங்கும். நிறம் கிடையாது, நெருப்பை அணைக்கும். அப்புறம் அந்தப் பயம் இருக்கே, அதுதான் இதுல வேடிக்கை." அண்ணிக்குக் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. ஒரு பூட்டின் உள்வாயைத் திறந்து காட்டும்போது வரும் வெளிச்சம். "மூச்சை அடக்கினா கொஞ்ச நேரத்துல தவிக்கிறோம்ல? நல்ல காத்து தீர்ந்துபோச்சுன்னு நெனைக்கிறோம். அது இல்ல. உடம்புக்குள்ள கரியமில வாயு ஏறுதுன்னு மூளை மணி அடிக்குது. வெளியேர்ந்து அந்த வாயுவையே இழுத்தா, மணி நிக்காம அடிக்கும். ஓடு, ஓடுன்னு கத்தும். காரணம் தெரியாததால நாம அதுக்குப் பேய்னு பேர் வைக்கிறோம். நத்தை பேர் எதுவும் வைக்கல. மூச்சு முட்டுச்சு, மேல ஏறிடுச்சு."

"என் வீட்டுக்காரர் ஏன் ஓடல?"

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். "அளவு அதிகமா இருந்தா ரெண்டு மூச்சுலயே மயக்கம் வந்துடும்மா. ஓட நேரம் இருந்திருக்காது. உங்களுக்குக் கொஞ்சமா வச்சது, பயந்து ஓடினாப் போதும்னு."

"வச்சதா?" என்றாள் காப்பாளர். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். பேய் என்றிருந்தபோது கூட அவள் முகம் இவ்வளவு வெளுக்கவில்லை.

"செடி வேகமா வளர்றதுக்குக் குடில்ல இந்த வாயுவைச் சிலிண்டர்ல விடுறது உண்டே. இங்க அது யார் பொறுப்பு?"

"வால்வு."

வால்வு என்பது தோட்டத்தின் குழாய், பம்பு, சிலிண்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். கூப்பிட்டதும் முறைத்துக்கொண்டே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் முறைப்பு இரட்டிப்பானது.

"என்னையவா சந்தேகப்படுறீங்க? வாங்க இப்படி!" குடிலின் வெளிச்சுவருக்கு இழுத்துப் போனார். வாயுக் குழாய் அறுக்கப்பட்டு, வாயில் இரும்பு மூடி போட்டுப் பற்றவைத்திருந்தது. மூடியின் மேல் சிலந்தி வலை பின்னி, அதிலும் தூசி. "அண்ணாச்சி இறந்த அன்னிக்கே நான் வெட்டி விட்டது இது. எனக்கும் மனசுல உறுத்துச்சு. ஒருவேளை என் குழாய் கசிஞ்சுதான் போனாரோன்னு எத்தனை நாள் தூங்கலை தெரியுமா? சிலிண்டரே இந்தப் பக்கம் வர்றதில்ல."

ரேடியோ விரல்விட்டுக் கணக்குப் பார்த்தான். குழாய் இல்லை, சிலிண்டர் இல்லை. ஆனால் உள்ளே பள்ளம் நிறைய வாயு. பூட்டிய பெட்டிக்குள் தானாக நிரம்பும் விஷம். ஆவியே பரவாயில்லை போலிருந்தது.

உள்ளே திரும்பியபோது அண்ணி பள்ளத்தின் விளிம்பில், மூலையில் தொங்கிய ஒரு பெரணிச் செடியை விரலால் நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் கீழ் இலைகள் கறுத்து, வெந்த கீரை போலக் குழைந்திருந்தன. மேல் இலைகள் பச்சைப் பசேலென்று இருந்தன.

"அழுகல் நோய்னு நெனச்சேன்," என்றாள் காப்பாளர். "மருந்து அடிச்சும் கேக்கல."

"அழுகல்னா பரவும். இது கீழ் இலை மட்டும், அதுவும் பள்ளத்துச் சுவரைத் தொட்டுக்கிட்டிருக்கிற இலை. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல பின்சுவத்துல ஒட்டிக்கிட்ட கீரை இப்படித்தான் ஆகும். உறைஞ்சு, உருகி, குழைஞ்சு."

"அண்ணி, இங்க நின்னா சட்டையைப் பிழிஞ்சு வாளி ரொப்பலாம். இந்தக் குடில்ல எது உறையும்?"

அவன் சொல்லி முடிக்கும்போதே அண்ணி வால்வின் கையிலிருந்த நீண்ட இடுக்கியை வாங்கிவிட்டாள். பெரணிக்குக் கீழே, பள்ளத்தின் ஓரத்தில், தண்ணீர் வடியும் கால்வாயை மூடிய இரும்புச் சல்லடை இருந்தது. மேலிருந்தபடியே அதை இடுக்கியால் நெம்பினாள். சல்லடை விலகியதும் உள்ளேயிருந்து வெள்ளைப் புகை சோம்பலாக வழிந்து மண்ணில் படிந்தது. ரேடியோ மறுபடி தக்காளி நாற்றுகள் பக்கம் ஓரடி நகர்ந்தான்.

சாக்கில் சுற்றிய ஒரு வெள்ளைக் கட்டி மேலே வந்தது. ஐஸ் போல இருந்தது, சொட்டவில்லை. புகைந்தது.

"டிரை ஐஸ்," என்றாள் அண்ணி. "மேடையில புகை கிளப்புவாங்களே, அது. கரியமில வாயுவையே உறைய வச்சுக் கட்டியாக்கினது. உருகித் தண்ணியா ஆகாது, நேரா வாயுவா ஆயிடும். அதனால தடயம் கிடையாது. ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமாப் பள்ளத்தை ரொப்பிட்டு, ஒரு சொட்டு ஈரம் கூட விடாமக் காணாமப் போயிடும்; இது இன்னும் தீராத மிச்சம். இந்தப் புகையைப் பார்த்தாலும் செடிக்குத் தண்ணி தூவுற உங்க தூறல் குழாயோட பனின்னுதான் நெனப்பீங்க."

"வடிகால் இருக்கே," என்றார் வால்வு. "கனமான வாயுன்னா அது வழியாச் சரிவுல இறங்கிப் போயிருக்கணுமே?"

"போயிருக்கணும். போகல. அப்ப அடைச்சிருக்கு."

ரேடியோ நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தான். குடிலின் கண்ணாடிச் சுவர் வழியாக அவன் பார்த்த ஒன்று, பயத்தில் புதைந்து போன ஒன்று, மேலே வரப் பார்த்தது. "அண்ணி, டிரை ஐஸ்ல என்னென்ன அனுப்புவாங்க?"

"உறைய வச்ச மருந்து. மீன். மகரந்தம்."

எல்லார் கண்ணும் மேசைமேல் இருந்த மகரந்தக் குழாய்க்குப் போனது. பிறகு வால்வுதான் மெதுவாக, "நேத்து சாயங்காலம் அந்தப் பெட்டிக்கு நான்தான் ஒரு கை பிடிச்சேன். கருங்கல் மாதிரிக் கனம். ஒரு சின்னக் குழாய்க்கு இவ்வளவு எதுக்கு சார்னு கேட்டேன். சிரிச்சார்," என்றார்.

"இன்னிக்கு ஒரு விரல்ல மாட்டிட்டுப் போனார்," என்றான் ரேடியோ. "இன்னொண்ணும் அண்ணி. நான் தக்காளிக்கு நடுவுல உக்காந்து உசுரை எண்ணிக்கிட்டிருந்தப்ப, அவர் வெளியில ஷூ லேஸ் கட்டினார். அழகாக் குத்த வச்சு உக்காந்து, ரெண்டு காலுக்கும். இடுப்பு எலாஸ்டிக் மாதிரி வளைஞ்சுது."

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக அவன் இன்னொரு செருப்பையும் கொடுப்பான்.

"போய்க் கூப்பிட்டு வா. மூடி விஷயம்னு மட்டும் சொல்லு."

விதை டாக்டர் வந்தார். மேசையில் பால்நிறக் கிண்ணம் இருந்தது. கட்டி இருந்த சாக்கை வால்வு வெளியே கொண்டுபோயிருந்தார். அண்ணி பணிவாகக் கையைக் காட்டினாள்.

"உங்க மூடி அதோ தெரியுது சார். எங்க வீட்டுத் தம்பி பயந்தாங்கொள்ளி. நீங்க அறிவியல் படிச்சவர். இறங்கி எடுத்துக்குங்களேன்."

"சொன்னேனே, இடுப்பு..."

"வெளியில குனிஞ்சீங்களே. இங்க மட்டும்தான் வலிக்குமா?"

அவர் படியைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். ஒரு மனிதன் வெறும் மண்ணைப் பார்த்து அப்படி வேர்ப்பதை ரேடியோ அதற்கு முன் கண்டதில்லை. தனக்கு வந்தது காரணம் தெரியாத பயம்; இவருக்கு வந்திருப்பது காரணம் தெரிந்த பயம். இரண்டாவதைப் பார்க்க இன்னும் மோசமாக இருந்தது.

காப்பாளர் எழுந்து அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஒரு தடவை குனிங்க சார். என் வீட்டுக்காரர் உங்களை நம்பித்தானே குனிஞ்சார்?"

அவர் குனியவில்லை. கதவைப் பார்த்துத் திரும்பினார். கதவில் வால்வு நின்றுகொண்டிருந்தார், கையில் இடுக்கியோடு.

"அவர் சாகணும்னு நான்... அளவு தெரியல," என்றார் விதை டாக்டர். "ஒரே ஒரு செடின்னாத்தான் வாங்குவேன்னான் விலை பேசின ஆள். விதை பிடிச்சு நாத்து வந்துட்டா வேணாம்னுட்டான். செடி என் கைக்கு வந்தாப் போதும்னு..."

"போலீஸ் வர்ற வரைக்கும் என் பம்பு ரூம்ல உக்காரலாம் வாங்க," என்றார் வால்வு, அவர் முழங்கையைப் பிடித்து. "அங்க காத்து நல்லா வரும்."

வெயில் கூரைக்கு ஏறிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் அடியில் சிவப்புக் கிண்ணத்தின் ஓரம் லேசாக உள்பக்கம் மடங்க ஆரம்பித்திருந்தது.

"மூடப் போகுது," என்றாள் காப்பாளர். குழாயும் தூரிகையும் கையில் இருந்தன. "மூச்சை அடக்கிக்கிட்டு இறங்கிடுறேன்."

"வேணாம்!" அண்ணி அவள் கையைப் பிடித்தாள். "படுத்துக்கிட்டு அவ்வளவு நேரம் அடக்க முடியாது. ஒரு மூச்சு தவறினாப் போதும். தம்பி, சரிவுப் பக்கம் ஓடு. வடிகால் வாய் எங்கயாவது அடைச்சிருக்கும். இழு."

ரேடியோ ஒற்றைச் செருப்போடு ஓடினான். குடிலுக்குப் பின்னால் புதருக்குள் கைவிட்டுத் துழாவினான். எந்தப் பூச்சி இருக்கிறதோ, எந்தப் பாம்பு இருக்கிறதோ என்று வாய் ஓடிக்கொண்டே இருந்தது, கை நிற்கவில்லை. வட்டக் குழாயின் வாயில் களிமண் திணித்த ஒரு பை இறுகியிருந்தது. காலை உதைத்துக்கொண்டு இழுத்தான். பை பிய்த்துக்கொண்டு வந்தது. அவனும் அதோடு புதருக்குள் உருண்டான்.

"திறந்தாச்சு அண்ணீ!"

வெளியே வந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. குழாய் வாய்க்குக் கீழே இருந்த புல் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, வாய்க்காலில் தண்ணீர் போவது போல.

உள்ளே அண்ணி கதவையும் சுவரின் அடியில் காற்று வர வைத்திருந்த பலகையையும் திறந்துவிட்டு, மெழுகுவர்த்தியைக் கம்பியில் இறக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் மட்டத்தில் சுடர் அணைந்தது. ஏற்றினாள், காத்திருந்தாள், மறுபடி இறக்கினாள். இந்த முறை கணுக்கால் வரை எரிந்தது. காப்பாளர் பூவை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்னொரு முறை. டப்பா மண்ணைத் தொட்டது. சுடர் ஆடியது, ஒடுங்கியது, நிமிர்ந்தது. நின்று எரிந்தது.

"இப்ப போங்கம்மா."

அவள் இறங்கினாள். மண்டியிட்டாள். ஒரு கணம் அப்படியே இருந்தாள். உடம்புக்கு அந்தப் பயம் இன்னும் மறக்கவில்லை. பிறகு மெழுகுவர்த்தியைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் சேர்த்தாள். தூரிகை பூவுக்குள் போனது. அவள் முதுகு ஏறி இறங்குவதை அண்ணியும் புதரிலிருந்து ஓடிவந்த ரேடியோவும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏறியது. இறங்கியது. ஏறியது.

"வச்சிட்டேன்," என்று கீழேயிருந்து குரல் வந்தது. "மூணு சூல்முடியிலயும் வச்சிட்டேன்."

ரேடியோ சுவரில் சாய்ந்தான். "அண்ணி, நாளைக்கு இவங்க மறுபடி இதுல இறங்கணுமே? காய் பிடிச்சிருக்கான்னு பார்க்கணும், விதை எடுக்கணும். அப்பவும் பயமா இருந்தா?"

"பயம் இருக்கும். கொஞ்ச நாளைக்குப் போகாது. அதைக் கேக்க வேணாம், சுடரைக் கேட்டாப் போதும்." அண்ணி பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கீழே படுத்திருந்தவளுக்குக் கேட்கும்படி சொன்னாள். "காலைல வந்ததும் முதல்ல வடிகால் வாயைப் பாருங்க, திறந்திருக்கணும். அப்புறம் சல்லடையைத் தூக்கிப் பாருங்க, ஒண்ணும் இருக்கக் கூடாது. கடைசியா மெழுகுவத்தியை மண்ணு வரைக்கும் இறக்குங்க. அணைஞ்சா இறங்காதீங்க. எரிஞ்சா, படுக்கலாம்."